1,400 சாதனங்கள், மூன்று பேர்: எம்டிஎம் வந்த பிறகும் வேலை ஏன் குறையவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இது: லேப்டாப், போன், டேப்லெட் எல்லாம் சேர்த்து 1,400 சாதனங்கள், பார்த்துக்கொள்ள ஐடி அணியில் மூன்று பேர். சாதன மேலாண்மை மென்பொருள், அதாவது எம்டிஎம், வந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. ஆனால் வேலை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. இதைவிடச் சுலபமான வேறொன்றுக்கு மாறலாமா? கடைசி வரி எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பதுபோல இருந்தாலும், அதற்கு மேலே நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் இன்னொன்றைக் கேட்கிறது: தானாக நடக்க வேண்டிய வேலை ஏன் இன்னும் கையால் நடக்கிறது? முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். மாறுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். எந்த மென்பொருள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை என்பதால் எண்கள் தேவைப்படும் இடங்களில் மைக்ரோசாஃப்ட் இன்ட்யூனில் உள்ளவற்றைச் சொல்கிறேன். மற்ற மென்பொருட்களில் எண் மாறும், வேலை செய்யும் விதம் பெரிதாக மாறாது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்டிஎம்மில் சுமையைக் கூட்டுவது சாதனங்களின் எண்ணிக்கையைவிட, அவை எத்தனை விதமாக அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான். ஒரே மாதிரி அமைத்த ஆயிரம் லேப்டாப்பை ஒருவரே சமாளித்துவிடலாம். "இவருக்கு மட்டும் இது வேண்டாம்", "அந்தப் பிரிவுக்கு மட்டும் இது தனி" என்று நாற்பது விதமாகப் பிரித்த இருநூறு லேப்டாப் மூன்று பேரின் நேரத்தையும் விழுங்கிவிடும். விதிவிலக்கு கொடுப்பதைக் கன்சோல், அதாவது எம்டிஎம்மின் நிர்வாகத் திரை, இரண்டு கிளிக்கில் முடித்துத் தருகிறது. அதைத் திரும்ப எடுக்கும்படி யாருக்கும் நினைவூட்டுவதில்லை. இரண்டு ஆண்டில் சேரும் குப்பை பெரும்பாலும் இதுதான்.

அதைச் சுத்தம் செய்வதற்கு முன், அணியில் எல்லோருக்கும் ஓர் அடிப்படை தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஹெல்ப்டெஸ்க் நேரம் அதிகம் வீணாவது அங்கேதான். கன்சோலில் பட்டனை அழுத்தியதும் அது நேராகச் சாதனத்துக்குள் போய் எதையும் மாற்றுவதில்லை. உத்தரவைச் சர்வரில் வரிசையில் வைக்கிறது. பிறகு ஆப்பிள், கூகிள் அல்லது மைக்ரோசாஃப்டின் புஷ் சேவை வழியாகச் சாதனத்தின் கதவைத் தட்டுகிறது. சாதனம் விழித்து, தானே சர்வருக்கு வந்து, வரிசையில் இருப்பதை எடுத்துப்போய் நிறைவேற்றி, முடிவைத் திரும்பச் சொல்கிறது. தட்டல் கேட்காவிட்டால் அடுத்த வழக்கமான செக்-இன், அதாவது சாதனம் தானாகச் சர்வருக்கு வரும் நேரம், வரை காத்திருப்பதுதான். இன்ட்யூனில் புதிதாகச் சேர்ந்த விண்டோஸ் கணினி முதல் 15 நிமிடம் 3 நிமிடத்துக்கு ஒரு முறையும், அடுத்த 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு சுமார் 8 மணி நேரத்துக்கு ஒரு முறையும் வரும். ஆகவே காலையில் போட்ட பாலிசி (சாதனத்துக்கு அனுப்பும் அமைப்புகளின் தொகுப்பு) மதியம் வரை "பெண்டிங்" என்று இருந்தால் எதுவும் உடைந்துவிடவில்லை. அதற்காகப் பாலிசியை எடுத்துவிட்டு மறுபடி போடுவதும், சாதனத்தை உடனே வரச் சொல்லும் சிங்க் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதும் வரிசையில் இன்னும் நாலு உத்தரவைச் சேர்ப்பதோடு சரி.

தட்டல் கேட்காமல் போவதற்கு முதல் காரணம் நெட்வொர்க். ஆப்பிள் சாதனங்கள் புஷ் சேவைக்கு டிசிபி 5223 போர்ட்டைப் பயன்படுத்தும், அது மூடியிருந்தால் 443-க்குப் போகும், எதிர்முனை 17.0.0.0/8 என்ற ஆப்பிளின் சொந்த முகவரித் தொகுதிக்குள் இருக்கும். ஆண்ட்ராய்டு 5228 முதல் 5230 வரை பயன்படுத்தும். ஃபயர்வாலில் குறியாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதியை எல்லாப் போக்குவரத்துக்கும் போட்டிருந்தால் புஷ் இணைப்பு முறிந்துபோகும், ஏனென்றால் நடுவில் வரும் வேறொருவரின் சான்றிதழைச் சாதனம் ஏற்காது. இந்த முகவரிகளுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கு கொடுங்கள். பிறகு ஹெல்ப்டெஸ்கில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்: எந்தப் புகார் வந்தாலும் முதலில் பார்ப்பது கடைசிச் செக்-இன் நேரம். அது மூன்று நாள் பழையது என்றால் பாலிசியைத் தொடவே வேண்டாம், சிக்கல் மின்சாரத்திலோ நெட்வொர்க்கிலோ இருக்கிறது. பத்து நிமிடம் முன்பு வந்துபோன சாதனத்தில் அமைப்பு ஏறவில்லை என்றால்தான் பாலிசியைத் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது தேதிகள். வேலைக் கணக்கில் இவை சிறியவை, ஆனால் தவறவிட்டால் வரும் அடி பெரியது. ஆப்பிள் சாதனங்கள் இருந்தால் மூன்று விஷயங்கள் ஆண்டுதோறும் காலாவதியாகும்: எம்டிஎம் புஷ் சான்றிதழ், தானியங்கிச் சேர்ப்புக்கான (புதுச் சாதனம் தானாக எம்டிஎம்மில் பதிவாவதற்கான) சர்வர் டோக்கன், ஆப் லைசென்ஸ்களுக்கான டோக்கன். மூன்றும் மூன்று விதமாகச் செயலிழக்கும். சேர்ப்பு டோக்கன் முடிந்தால் புதிய சாதனங்கள் கன்சோலில் வந்து சேராது, பழையவை வழக்கம்போல ஓடும். ஆப் டோக்கன் முடிந்தால் லைசென்ஸ் ஒதுக்குவதும் ஆப் நிறுவுவதும் நிற்கும். புஷ் சான்றிதழ் முடிந்தாலோ எந்த ஆப்பிள் சாதனத்தையும் தட்டி எழுப்பவே முடியாது. இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு. புஷ் சான்றிதழை முதலில் எந்த ஆப்பிள் கணக்கில் உருவாக்கினார்களோ அதே கணக்கில் நுழைந்து புதுப்பிக்க வேண்டும். வேறு கணக்கில் புதிதாக ஒன்று எடுத்துப் போட்டால் பழைய சாதனங்களுக்கு அது வேறு சர்வர்தான். ஒவ்வொன்றையும் மறுபடி சேர்க்க வேண்டிவரும். வேலையை விட்டுப் போனவரின் சொந்த ஆப்பிள் கணக்கில் அது இருப்பது அரிதான விஷயமல்ல.

ஆகவே இன்றே பார்க்க வேண்டியது: எந்தெந்தக் கணக்கு, யார் பெயரில், மீட்பு போன் எண் யாருடையது. தனிநபர் முகவரி இருந்தால் பொதுப் பொறுப்பு முகவரிக்கு மாற்றும் வழியைத் தேடுங்கள். புஷ் சான்றிதழ் சொந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால் அதை வேறு கணக்குக்கு மாற்றித் தரும்படி ஆப்பிள் ஆதரவு அணியிடம் விண்ணப்பிக்கலாம். காலாவதி தேதிக்குள் செய்யுங்கள், பிறகு பதற்றத்தில் செய்ய வேண்டாம். சேர்ப்பு டோக்கனைப் பதிவிறக்கிய நிர்வாகி கடவுச்சொல்லை மாற்றினாலோ, நிறுவனத்தை விட்டுப் போனாலோ தேதி வராமலேயே டோக்கன் செல்லாமல் போகலாம். நிறுவனச் சாதனங்களைப் பதிவுசெய்யும் ஆப்பிளின் தளமான ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் புதிய விதிமுறைகள் வரும்போது நிர்வாகி ஒருவர் உள்ளே போய் "ஏற்கிறேன்" கொடுக்கும் வரை ஒத்திசைவு நிற்பதும் உண்டு. எல்லாத் தேதியும் சரியாக இருந்தும் புதுச் சாதனங்கள் வரவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். ஆண்ட்ராய்டில் இதற்கு இணையானது நிறுவனங்களுக்கான ஆப் கடையான மேனேஜ்டு கூகிள் ப்ளேயுடன் நிறுவனத்தை இணைத்த கூகிள் கணக்கு. அந்த இணைப்பை அறுத்தால் அதன் கீழ் ஒதுக்கிய ஆப்களும் கூடவே போகும்.

வை-ஃபை சான்றிதழை இந்தப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும். சான்றிதழ் வழியாக வை-ஃபையில் சேரும் சாதனங்கள், அங்கீகாரச் சர்வரின் சான்றிதழ் மாறிய அன்று வெளியே நின்றுவிடும். அதைச் சரிசெய்யும் புதிய ப்ரொஃபைலை, அதாவது அமைப்புக் கோப்பை, அனுப்பலாம் என்றால் அது போய்ச் சேர வை-ஃபை வேண்டும்! சர்வரை நம்பச் சொல்லும் மூலச் சான்றிதழான புதிய ரூட் சான்றிதழைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே எல்லாச் சாதனங்களுக்கும் அனுப்பி, 95 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டதை அறிக்கையில் பார்த்த பிறகுதான் சர்வரில் மாற்றுங்கள். எஞ்சிய சாதனங்களுக்குக் கேபிளோ மொபைல் டேட்டாவோ தயாராக இருக்கட்டும்.

இனி குப்பைக்கு வருவோம். உங்களுக்கு 90 பாலிசிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து ஒரு விரிதாளில் போடுங்கள், ஆனால் பாலிசிக்கு ஒரு வரி வேண்டாம், அமைப்புக்கு ஒரு வரி போடுங்கள். திரை பூட்டும் நேரம் ஒரு வரி, கடவுச்சொல் நீளம் ஒரு வரி, யூஎஸ்பி தடை ஒரு வரி. அதே அமைப்பு எத்தனை பாலிசிகளில், என்னென்ன மதிப்பில் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் வேறு வேறு மதிப்பில் இருந்தால் இன்ட்யூனில் அது மோதல் என்று காட்டும், இரண்டில் எது ஏறும் என்பதை நம்பிச் சொல்ல முடியாது. இணக்கப் பாலிசிகளில், அதாவது சாதனம் விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று சோதிப்பவற்றில், மட்டும் கடுமையானது வெல்லும். மதிப்பு இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மோதல் தெரியாது, ஒருவர் ஒன்றை மட்டும் மாற்றும் நாளில்தான் வெடிக்கும். ஓர் அமைப்புக்கு ஒரே ஒரு வீடு என்ற விதியை வைத்துக்கொண்டாலே பாலிசிகளில் கணிசமானவை தேவையில்லாமல் போகும்.

மிச்சமானவற்றை அடுக்கும்போது பிரிவு வாரியாக அடுக்காதீர்கள். கணக்குப் பிரிவும் விற்பனைப் பிரிவும் ஆண்டுக்கு இரண்டு முறை பெயர் மாறும். திரை பூட்டும் நேரம் அதனால் மாற வேண்டிய அவசியம் கிடையாது. எல்லாச் சாதனங்களுக்கும் ஓர் அடித்தளம், அதற்கு மேல் சாதனத்தின் உரிமையையும் பயன்பாட்டையும் வைத்து ஓர் அடுக்கு: நிறுவனத்துடையது, ஊழியரின் சொந்தது, பலர் பகிர்வது, ஒரே ஆப்புக்காக நிறுத்தி வைத்த கியோஸ்க். இதற்கு மேல் மூன்றாவது அடுக்கு தேவைப்படும் இடங்கள் உண்டு, ஆனால் அதைக் கேட்பவர் காரணத்தை எழுதித் தரட்டும். பயனர் க்ரூப்புக்குக் கொடுப்பதா, சாதன க்ரூப்புக்கா என்பதில் ஒரு முடிவு எடுத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பயனர் க்ரூப்புக்குக் கொடுத்துவிட்டுச் சாதன க்ரூப்பை விலக்கினால் இன்ட்யூன் அதை நீங்கள் நினைத்தபடி செய்யாது. கன்சோலில் எல்லாம் சரியாகத் தெரியும், விலக்கு மட்டும் நடக்காது. "விண்டோஸ் 11 மட்டும்", "இந்த மாடல் மட்டும்" போன்ற நிபந்தனைகளுக்கு, விதியை வைத்துத் தானே உறுப்பினர்களைச் சேர்க்கும் டைனமிக் க்ரூப்பைவிட, ஒதுக்கீட்டிலேயே வைக்கும் ஃபில்டர் நல்லது. டைனமிக் க்ரூப் கணக்கிட்டு முடிய நேரம் எடுக்கும், பெரிய நிறுவனங்களில் மணிக்கணக்காகலாம். ஃபில்டர் சாதனம் செக்-இன் செய்யும்போதே பார்க்கப்படும்.

விதிவிலக்கே கூடாது என்று சொல்ல மாட்டேன், அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. ஒவ்வொரு விதிவிலக்குக்கும் ஒரு க்ரூப், அதன் விளக்கப் பகுதியில் யார் கேட்டது, ஏன், எந்த டிக்கெட், எந்தத் தேதியோடு முடியும் என்ற நான்கு விவரம். 90 நாள் கெடு போதும். கெடு முடிந்ததும் நீங்கள் எடுத்துவிடுங்கள், தேவைப்பட்டவர் மறுபடி கேட்பார். கேட்காதவர்களின் எண்ணிக்கை உங்களை ஆச்சரியப்படுத்தும்.

பழைய பாலிசியைக் கழிக்கும்போது உடனே அழிக்காமல், ஒதுக்கீட்டை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு வாரம் விட்டுவையுங்கள். இங்கே தளத்துக்குத் தளம் நடத்தை மாறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆப்பிளில் ப்ரொஃபைலை எடுத்தால் அது போட்ட அமைப்புகளும் கூடவே போய்விடும், வை-ஃபை ப்ரொஃபைலை எடுத்தால் வை-ஃபையும்தான். விண்டோஸில் சில அமைப்புகள் பாலிசி போன பிறகும் பச்சை குத்தியதுபோல அப்படியே நிற்கும். அவற்றை நீக்க எதிர்மறை மதிப்பை ஒரு முறை வெளிப்படையாக அனுப்ப வேண்டும். ஒரு சோதனைக் கணினியில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போங்கள்.

சேர்ப்பில் மிச்சம் பிடிக்கக்கூடிய நேரமும் அதிகம். ஐடி மேசையில் பெட்டியைப் பிரித்துக் கையால் அமைப்பது இன்னும் நடக்கிறது என்றால் அதை நிறுத்துவதுதான் முதல் லாபம். சாதனம் முதலில் இயங்கும்போதே தானாக எம்டிஎம்மில் சேர, விற்பவரே வரிசை எண்ணை ஆப்பிள் பிசினஸ் மேனேஜரிலோ, ஆண்ட்ராய்டு ஜீரோ டச்சிலோ, விண்டோஸ் ஆட்டோபைலட்டிலோ பதிவுசெய்து தர வேண்டும் என்பதைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிற்பாடு ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் என்ற செயலியால் நீங்களே சேர்க்கலாம், ஆனால் அப்படிச் சேர்த்த சாதனத்தில் முதல் 30 நாளுக்குள் பயனரே மேலாண்மையிலிருந்து விலகிக்கொள்ள முடியும். ஆகவே 30 நாள் அலமாரியில் வைத்திருந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அது தவறில்லை. ஆண்ட்ராய்டை முழு மேலாண்மையில் கொண்டுவர ஃபேக்டரி ரீசெட் செய்த நிலை வேண்டும்: வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் ஸ்கேனர் திறக்கும். அந்தக் க்யூஆரை அச்சடித்துச் சுவரில் ஒட்டாதீர்கள். அதற்குள் சேர்ப்பு டோக்கன் இருக்கிறது, சில சமயம் வை-ஃபை கடவுச்சொல்லும் இருக்கும்.

விண்டோஸ் ஆட்டோபைலட்டில் இரண்டு இடங்களில் அடிக்கடி நிற்கும். மதர்போர்டு மாற்றிய லேப்டாப்பின் வன்பொருள் ஹேஷ் (அதை அடையாளம் காட்டும் குறியீடு) மாறிவிடும், பழைய பதிவை நீக்கிப் புதியதைப் பதிவுசெய்யாமல் அது உங்கள் அமைப்புத் திரையைக் காட்டாது. பழுதுபார்ப்பவரிடமிருந்து திரும்பி வந்ததும் இதைச் செய்வது நடைமுறையில் இருக்கட்டும். இரண்டாவது, சேர்ப்பு முடியும் வரை பயனர் காத்திருக்கும் சேர்ப்பு நிலைத் திரை. அதன் இயல்பான காலக்கெடு 60 நிமிடம். அதில் இருபது ஆப்களைக் கட்டாயமாக்கினால் மெதுவான இணைப்பில் கெடு தாண்டி, "தோல்வி" என்று சிவப்பில் வரும், பயனர் உங்களை அழைப்பார். விபிஎன், பாதுகாப்பு மென்பொருள், அலுவலகத் தொகுப்பு என்று மூன்று நான்கை மட்டும் அங்கே நிறுத்துங்கள், மற்றவை பின்னணியில் வந்துகொள்ளும். நிறுவல் கோப்பின் இரண்டு வடிவங்களான வின்32 பேக்கேஜையும் பழைய எம்எஸ்ஐ வகை ஆப்பையும் அந்தக் கட்டத்தில் கலக்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் விண்டோஸின் நிறுவல் சேவையைப் பிடிக்கப் போய் ஒன்று விழும். விழுவது எப்போதும் நடக்காது என்பதால்தான் காரணம் கண்டுபிடிக்க நாளாகிறது.

ஆப் நிறுவல் டிக்கெட்டுகளில் பேக்கேஜைவிட, ஆப் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும் டிடெக்ஷன் விதிதான் அதிகம் தவறாக இருக்கிறது. "இந்தக் கோப்பின் பதிப்பு 5.2.1-க்குச் சமம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆப் தானாகவே 5.2.2-க்குப் போகிறது, எம்டிஎம் "இல்லை" என்று நினைத்துப் பழையதை மறுபடி நிறுவப் பார்க்கிறது. "சமம் அல்லது மேல்" என்று வையுங்கள். திரும்பும் குறியீடுகளில் 3010 வந்தால் நிறுவல் வெற்றி, மறுதொடக்கம் பாக்கி என்று அர்த்தம், அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, காத்திருந்தால் தீரும். இன்ட்யூனில் வின்32 நிறுவல் தோற்றால் அடுத்தடுத்து மூன்று முறை முயன்றுவிட்டு, 24 மணி நேரம் தொடாமல் விட்டுவிடும். ஹெல்ப்டெஸ்க் சிங்க் அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம். பயனருக்கான நிறுவலா, சிஸ்டத்துக்கானதா என்பதைப் பேக்கேஜ் செய்யும்போதே சோதியுங்கள். கையால் ஓட்டிப் பார்த்தால் வேலை செய்யும், எம்டிஎம் வழியாகச் செய்யாது என்றால் பெரும்பாலும் இந்த வேறுபாடுதான்.

அப்டேட்டுக்கு அலைகள் போதும்: முதலில் 2 சதவீதம், மூன்று நாள் கழித்து 10 சதவீதம், ஒரு வாரம் கழித்து மிச்சம். முதல் அலையில் ஐடி ஆட்களின் சாதனங்களை மட்டும் போட்டால் பயனில்லை, அவர்கள் யாரும் அந்தப் பழைய பிரிண்டர் டிரைவரைப் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு மாடலிலும், ஒவ்வொரு முக்கிய ஆப்பிலும் ஒருவராவது இருக்கட்டும். விண்டோஸின் மாதாந்தர அப்டேட்டை அதிகபட்சம் 30 நாளும், ஆப்பிள் அப்டேட்டை 90 நாளும் தள்ளிப்போடலாம். தள்ளிப்போடுவதோடு கட்டாயத் தேதியும் வையுங்கள், இல்லாவிட்டால் "பிறகு" என்ற பட்டன் வருடம் முழுக்க அழுத்தப்படும். ஆப்பிளில் அப்டேட் அனுப்பும் பழைய கட்டளைகளை 2025-இல் வழக்கொழிப்பதாக அறிவித்துவிட்டார்கள். டிக்ளரேட்டிவ் முறைக்கு, அதாவது தேவையான பதிப்பையும் தேதியையும் சாதனத்திடம் ஒப்படைத்து அதுவே பார்த்துக்கொள்ளும் முறைக்கு, மாறிவிடுங்கள்.

"வைப்" (wipe), அதாவது சாதனத்தைத் தொலைவிலிருந்து முழுவதும் அழிக்கும் உத்தரவு, பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2014 மே மாதம் எமரி பல்கலைக்கழகத்தில் விண்டோஸ் 7 நிறுவும் உத்தரவு தவறுதலாக எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய், உத்தரவை அனுப்பிய மேலாண்மைச் சர்வரையும் சேர்த்து அழித்தது. 2024 ஆகஸ்டில் மொபைல் கார்டியன் என்ற மேலாண்மை மென்பொருளுக்குள் யாரோ புகுந்ததில் சிங்கப்பூரின் 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்து அழிக்கப்பட்டன. ஒன்று கைத்தவறு, மற்றொன்று ஊடுருவல். இரண்டுக்கும் பொதுவானது எல்லாச் சாதனங்களையும் ஒரே மூச்சில் தொடும் அதிகாரம். ஹெல்ப்டெஸ்குக்குப் பூட்டுதல், கடவுக்குறியீடு மாற்றுதல், சிங்க் இவை போதும். வைப் அதிகாரம் இரண்டு பேரிடம் மட்டும், அதுவும் ஒருவர் கேட்டு மற்றவர் அனுமதிக்கும் முறையில் இருக்கட்டும். இன்ட்யூனில் இதற்கெனப் பல நிர்வாகி ஒப்புதல் (Multi Admin Approval) உண்டு. உங்கள் மென்பொருளில் இல்லையென்றால் அந்தப் பொறுப்பைத் தனிக் கணக்கில் வைத்து, தினசரிக் கணக்கிலிருந்து பிரித்துவிடுங்கள். சொந்த அலுவலகத்திலேயே சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அதை உடனுக்குடன் பேட்ச் செய்வது இதைவிட அவசரம். 2023-இல் நார்வேயில் 12 அமைச்சகங்கள் பாதிக்கப்பட்டது இவான்டியின் மேலாண்மைச் சர்வரில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

வைப், ரிடயர், டிலீட் மூன்றும் வேறு என்பதை அணி மனப்பாடம் செய்திருக்க வேண்டும். வைப் சாதனத்தை வெறுமையாக்கும். ரிடயர் நிறுவனத் தரவையும் அமைப்பையும் மட்டும் எடுக்கும், ஊழியரின் சொந்த போனுக்கு இதுதான். டிலீட் கன்சோலில் உள்ள பதிவை நீக்கும், இன்ட்யூனில் சாதன வகையைப் பொறுத்து ரிடயரையோ வைப்பையோ கூடவே தூண்டும். ஆப்பிளின் ஆக்டிவேஷன் லாக் (உரிமையாளர் கணக்குப் பூட்டு) பைபாஸ் குறியீட்டையும், விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணையும் பத்திரப்படுத்தாமல் பதிவை அழித்துவிட்டால், பிற்பாடு அந்தச் சாதனத்தைத் திறக்கப் படாத பாடு படவேண்டும்.

தினமும் கன்சோலைத் திறந்து வண்ண வரைபடம் பார்ப்பதை விட்டுவிடலாம். காலையில் நான்கு எண்கள் மின்னஞ்சலில் வந்தால் போதும்: 14 நாளாகச் செக்-இன் செய்யாதவை, குறியாக்கம் இல்லாதவை, கட்டாய ஆப் தோற்றவை, 45 நாளுக்குள் முடியும் சான்றிதழ்கள். இதை எடுக்கும் ஸ்கிரிப்டுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். நிரல் வழியாகத் தரவு எடுக்கும் ஏபிஐயான மைக்ரோசாஃப்ட் கிராஃபில் எழுதுபவர்கள் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழுக் கணக்கு என்று நினைப்பது அடிக்கடி நடக்கும். பதிலில் அடுத்த பக்கத்துக்கான இணைப்பு இருக்கும் வரை தொடர வேண்டும், 429 (கோரிக்கைகள் அதிகம் என்ற பதில்) வந்தால் அது சொல்லும் நேரம் காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும். இணக்க அறிக்கை 98 சதவீதம் என்று காட்டினால் மகிழ்வதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: இணக்கப் பாலிசியே ஒதுக்காத சாதனத்தை இன்ட்யூன் இயல்பாக "இணக்கமானது" என்றே எண்ணும். அந்த அமைப்பை மாற்றினால் உங்கள் எண் இறங்கும், ஆனால் உண்மையாகும். இணக்கமற்ற சாதனங்களுக்கு அணுகலைத் தடுத்திருந்தால், மாற்றும் முன் யாருக்கெல்லாம் மின்னஞ்சல் நின்றுபோகும் என்று கணக்கெடுத்துவிடுங்கள்.

மேலே போர்ட், தேதி, குறியீடு, சாதன நடத்தை என்று சொன்னவை உறுதியானவை, ஒரு சோதனைச் சாதனத்தில் நீங்களே சரிபார்க்கலாம். அலைகளின் சதவீதம், 90 நாள் கெடு, அடித்தளத்துக்கு மேல் நான்கு வகை கொண்ட அடுக்கு ஆகியவை என் தீர்ப்பு. வேறு விகிதம் உங்களுக்குப் பொருந்தினால் அப்படியே செய்யுங்கள். எதை முதலில் தொடுவது என்பதை இங்கிருந்து சொல்வது ஊகமாகிவிடும், ஏனென்றால் உங்கள் டிக்கெட்டுகளை நான் பார்க்கவில்லை. கடந்த 60 நாள் டிக்கெட்டுகளைச் சேர்ப்பு, ஆப், வை-ஃபை, கடவுச்சொல், அப்டேட் என்று ஐந்தாகப் பிரித்துப் பாருங்கள், எது அதிகமோ அங்கிருந்து தொடங்குங்கள்.

மாறுவதா என்ற கேள்விக்கு: உங்கள் 90 பாலிசிகளோடு மாறினால் புதிய கன்சோலிலும் 90 பாலிசிகள்தான் இருக்கும், அதோடு இரண்டையும் சேர்த்து ஓட்டும் ஆறு மாதமும் வரும். விரிதாள் வேலையை முடித்து முப்பதுக்குக் கீழே கொண்டுவந்த பிறகும் இடறுகிறது என்றால் மாறலாம். உங்கள் தளங்களில் ஒன்றை அந்த மென்பொருள் ஒப்புக்குத்தான் ஆதரிக்கிறது, புதிய இயங்குதளம் வந்து மாதக்கணக்காகியும் அமைப்புகள் வரவில்லை, ஏபிஐ இல்லை, பொறுப்பைப் பிரித்துக் கொடுக்க வழியில்லை என்பவை நியாயமான காரணங்கள். திரை அழகாக இல்லை என்பதைக் காரணமாக எடுக்க மாட்டேன். மாறும் செலவு தளத்துக்குத் தளம் வேறு. ஐஓஎஸ் 26, மேக்ஓஎஸ் 26 முதல், ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் உள்ள சாதனங்களை அழிக்காமலே வேறு எம்டிஎம்முக்கு நகர்த்த வழி வந்திருக்கிறது. விண்டோஸை விலக்கி மறுபடி சேர்க்கலாம். முழு மேலாண்மையில் உள்ள ஆண்ட்ராய்டை மட்டும் ரீசெட் செய்துதான் ஆக வேண்டும். உங்கள் 1,400-இல் அவை எத்தனை என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கைதான் மாற்றத்துக்கு எத்தனை நாள், எத்தனை கைகள் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.